எதிர் மாடி நாயும் தெரு நாய்களும்: இரவில் தூங்க ஒரு வழி சொல்லுங்கள்

வாசல்கோலம் | 23 நவம்பர் 2025, இரவு 11.40

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறோம். இத்தனை நாள் நாய்ச் சத்தத்தை நான் பெரிதாக நினைத்ததில்லை. இந்த ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை.

எங்கள் தெருவில் ஆறு நாய்கள். நான்கு பழசு, என் மகள் ஒன்றாம் வகுப்புப் போன காலத்திலிருந்து பழக்கம். இரண்டு புதுசு. மழை ஆரம்பித்ததும் சதுப்பு நிலப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது போக எதிர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சிப்பிப்பாறை கட்டிக் கிடக்கிறது. ஒரு வயசுதான் இருக்கும். ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள். பத்தரைக்கு அது ஆரம்பிக்கும். கீழே இருப்பவை பதில் கொடுக்கும். அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று சத்தம் போய்க்கொண்டே இருக்கும். அடங்கிவிட்டது என்று கண் அசரும்போது மறுபடி மாடியிலிருந்து குரல்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு மாதம் முன்பு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்தோம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்பதரைக்குத் தூங்குவார். இடையில் விழித்தால் அவ்வளவுதான், விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். நான் ஐந்தே முக்காலுக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். நேற்று அம்மா, "என்னைச் சமையற்கட்டுல படுக்க வெச்சிடும்மா, அங்க சத்தம் கம்மியா இருக்கும்" என்றார். அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

நாய்களை அடிக்க எனக்கு மனசு வராது. எதிர் வீட்டோடு சண்டை போடவும் விருப்பமில்லை, கஷ்ட காலத்தில் உதவியவர்கள். இதே நிலையில் இருந்து மீண்டவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி | 24 நவம்பர், காலை 6.15

அக்கா, எனக்குப் பகலில்தான் தூக்கம், எங்கள் தெரு நாய்களுக்குப் பகலில்தான் சண்டை. முழுத் தீர்வு தெரியாது. அம்மாவுக்கு இன்றைக்கே செய்யக்கூடியது: தெருப்பக்க ஜன்னலை அடைத்து, கட்டிலைத் தெருவுக்கு எதிர்ச் சுவரோரம் நகர்த்துங்கள். தலைமாட்டுப் பக்கம் ஒரு டேபிள் ஃபேனை ஓட விடுங்கள். ஃபேன் இரைச்சல் ஒரே சீராக இருப்பதால் குரைப்புச் சத்தம் திடுக்கிட வைக்காது. என்னைப் பிழைக்க வைத்தது அதுதான்.

சாரல் | 24 நவம்பர், காலை 9.02

ஃபேனைப் போட்டுக்கொண்டு நாம் ஏன் அடங்கிப் போக வேண்டும்? வரி கட்டுகிறோம். எல்லா நாயையும் பிடித்து ஊருக்கு வெளியே காப்பகத்தில் அடைக்க வேண்டும். உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே!

தெருமுனை | 24 நவம்பர், மதியம் 1.30

சாரல் அண்ணா, அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பாதிச் செய்திதான் பரவியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு டெல்லி வட்டாரத்துத் தெரு நாய்களைக் காப்பகத்துக்கு மாற்றச் சொன்னது உண்மை. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். வெறிநோய் உள்ளவை, அந்தச் சந்தேகம் உள்ளவை, மூர்க்கமாகக் கடிப்பவை ஆகியவற்றை மட்டும் விடக்கூடாது. இந்த மாதம் 7-ஆம் தேதி வந்த உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்களுக்கானது. அங்கே பிடித்ததை அங்கேயே விடக்கூடாது. குடியிருப்புத் தெருக்களுக்கு இப்போதும் 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்தான்.

ஏன் அதே இடத்தில் விடச் சொல்கிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தெருவில் நாய்களை அப்புறப்படுத்தினால் அங்கே இருக்கும் குப்பை, மீன் கடைக் கழிவு, மிச்சச் சோறு அப்படியேதான் இருக்கும். ஒரு மாதத்தில் வேறு நாய்கள் வந்து உட்காரும். வருகிறவை எல்லைக்காக ஒன்றோடொன்று மோதும். அந்த மோதல்தான் நமக்கு ராத்திரிச் சத்தமாகக் கேட்கிறது. அக்கா தெருவில் புதுசாக இரண்டு வந்ததும் சத்தம் கூடியதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

ஒரு முறை வெளிச்சத்தில் ஆறு நாயின் காதையும் பாருங்கள். கருத்தடை செய்திருந்தால் ஒரு காதின் நுனியில் சின்ன வெட்டு இருக்கும். வெட்டு இல்லாதவை எத்தனை, அதில் பெட்டை எத்தனை என்று எழுதிக்கொண்டு மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குச் சொல்லுங்கள். இது கார்த்திகை. இப்போதிலிருந்து மார்கழி முடிய நாய்கள் இணை சேரும் காலம். ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தால் நாலு தெருக் கடுவன்கள் அதன் பின்னால் வந்து நிற்கும். கருத்தடை ஆனால் இந்தக் கூட்டமே கூடாது.

சென்னையில் இந்த வேலை புதிதும் அல்ல. புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே நாய்க் கருத்தடையைத் தொடங்கியது. மாநகராட்சி அதைக் கையில் எடுத்தது 1990-களின் நடுவில்தான். 2018-ல் சுமார் 57,000 என்று எண்ணிய தெரு நாய்கள் 2024 கணக்கெடுப்பில் 1.8 லட்சம் ஆகியிருக்கின்றன. அறுவை சிகிச்சை பிறப்பின் வேகத்துக்கு ஓடவில்லை என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது. அதனால்தான் நம் தெருவுக்கு நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சாரல் | 24 நவம்பர், இரவு 10.20

நீங்கள் சொல்வது புரிகிறது தம்பி. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். போன வருடம் என் இளைய மகளை டியூஷன் போய் வரும் வழியில் தெரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ஊசி எல்லாம் போட்டுக் காயம் ஆறிவிட்டது. ஆனால் இன்றைக்கும் குரைப்புச் சத்தம் கேட்டால் அவள் படிப்பை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். பத்து வயசுப் பிள்ளை. உங்களுக்கெல்லாம் அது தூக்கம் கெடுக்கும் சத்தம், எங்கள் வீட்டில் அது பயம். விதி, திருத்தம் என்று பேசுவதை அவளிடம் எப்படிச் சொல்லுவேன்?

தெருமுனை | 25 நவம்பர், காலை 7.10

அண்ணா, மன்னியுங்கள். நான் பாடம் எடுத்த மாதிரி ஆகிவிட்டது. கடித்த நாய் என்றால் விதியும் உங்கள் பக்கம்தான். அதைத் தனியாகப் புகார் செய்து பிடித்துக் கண்காணிப்பில் வைக்கச் சொல்லலாம். கேட்டு வாங்குங்கள், விடாதீர்கள்.

படிக்கும் எல்லோருக்கும் ஒன்று. கடி பட்டால், நகக் கீறலாக இருந்தாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் முதல் நாள், 3, 7, 28 என்று நாள் கணக்கில் ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். ஒரு தவணையும் விடக்கூடாது.

கரிசல்காடு | 25 நவம்பர், மாலை 5.45

நான் கால்நடைத் துறையில் முப்பது வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோலம் அம்மா, உங்கள் பதிவில் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "பத்தரை மணிக்கு அது ஆரம்பிக்கும்" என்றீர்கள். தெரு நாய்களை விடுங்கள், முதலில் மாடியைப் பாருங்கள்.

சிப்பிப்பாறை என்பது சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டிய ஜாதி. கண்ணால் பார்த்து, காற்றாய்ப் பறந்து பிடிக்கும். அதன் உடம்பைப் பார்த்தாலே தெரியும், வயிறு ஒட்டி, கால் நீண்டு, ஓடுவதற்கென்றே வார்த்தது. ஒரு வயசில் அதை நாலடிச் சங்கிலியில் கட்டிப்போட்டால் அந்த ஓட்டம் எல்லாம் எங்கே போகும்? தொண்டை வழியாகத்தான் வரும். அதுவும் மொட்டை மாடியில்! கீழே போகிற பூனை, சைக்கிள், இன்னொரு நாய் எல்லாம் கண்ணில் படும், எதையும் துரத்த முடியாது. நாய்க்கு இதைவிட வதை இல்லை.

நாய் சும்மா குரைக்காது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதற்கு 45,000 வரை கேட்கும். அதனால் நமக்குக் காரணம் தெரியாது, அதற்குத் தெரியும். ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, யார் முதலில், எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் தெருவில் என்ன நடந்தது. குரலையும் கவனியுங்கள். விட்டு விட்டு அடித்தொண்டையில் வந்தால் யாரோ எல்லைக்குள் வருகிறார்கள் என்று அர்த்தம். ஒரே சுதியில், இடைவெளி இல்லாமல், யாரையும் பார்க்காமல் குரைத்தால் அது தனிமை அல்லது தேவை. மெலிந்த குரலில் இழுத்து ஊளையிட்டால் கூப்பிடுகிறது. ஒரு வாரத்தில் உங்களுக்கே பிடிபடும்.

சி பிளாக் | 26 நவம்பர், காலை 11.00

எங்கள் அடுக்ககத்தில் நான்கு வருடம் செயலாளராக இருந்தேன். நாய்ப் பஞ்சாயத்து ஏராளம் பார்த்ததால் சட்டப் பக்கம் சொல்கிறேன்.

குரைக்கிறது என்று சொல்லி வளர்ப்பு நாயையே தடை செய்ய எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை. விலங்குகள் நல வாரியம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே வாரியம், முக்கியமாக இரவு நேரத்தில் நாயை அமைதியாக வைத்திருக்க முழு முயற்சி எடுக்க வேண்டியது வளர்ப்பவர் பொறுப்பு என்றும் சொல்கிறது. வளர்ப்பவர்கள் முதல் பாதியை மட்டும் படித்துக் காட்டுவார்கள், சங்கத்தார் இரண்டாம் பாதியை மட்டும். இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்து லிஃப்ட்டில் ஒட்டினேன். பாதிச் சண்டை அதோடு போனது.

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. நாய்க்கு எதிராக இதை வைத்துப் போராடுவதில் பயனில்லை என்பது என் அனுபவம். யார் அளப்பது, எப்போது அளப்பது? இதைவிட உபயோகமானது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம், பிரிவு 11. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவதும், அநியாயமாகக் குட்டையான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிவைப்பதும் அதில் குற்றம். கரிசல் ஐயா சொன்னது சட்டத்திலும் இருக்கிறது. அது போக, சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தால்தான் உரிமம்.

ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறாதீர்கள். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், போதும். இன்னொன்று, எந்தத் தெருவிலும் யாராவது ஒருவர் விஷம் வைக்கலாம் என்று பேச்செடுப்பார். உடனே தடுத்துவிடுங்கள். விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் விளையாடும் மண்ணில் விஷம் வைப்பது என்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது.

வாசல்கோலம் | 30 நவம்பர், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. ஃபேன் வைத்த அன்றே அம்மா மூன்று மணிவரை தூங்கினார். தம்பி நன்றாக இருக்க வேண்டும்.

கரிசல் ஐயா சொன்னபடி மகளுடைய பழைய கணக்கு நோட்டில் ஐந்து நாள் எழுதினேன். பார்த்து ஆச்சரியமாகப் போய்விட்டது. ராத்திரி முழுக்கக் குரைக்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லை. மூன்றே நேரம்தான். பத்தரையிலிருந்து பதினொன்றே கால், ஒன்றரையிலிருந்து இரண்டு, பிறகு மூன்று நாற்பதுக்குப் பால் வண்டி வரும்போது. மூன்றாவதில் தெரு நாய்கள்தான் ஆரம்பிக்கின்றன, பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகின்றன. முதல் இரண்டும் ஐந்து நாளும் மாடிதான் ஆரம்பம்.

பத்தரை புரிந்துவிட்டது. எதிர் வீட்டுத் தம்பி வேலை முடிந்து பைக்கில் வரும் நேரம் அது. சத்தம் கேட்டதும் நாய் குதியாய்க் குதிக்கிறது. அவர் நேரே உள்ளே போய்விடுகிறார். மேலே யாரும் வருவதில்லை. அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஐயா சொன்ன அதே ஒரே சுதிக் குரைப்பு. ஒன்றரை மணிக்கு என்ன என்றுதான் தெரியவில்லை.

ஆறு நாயில் காதில் வெட்டு இருப்பது மூன்று. புதுசு இரண்டுக்கும் இல்லை, அதில் ஒன்று பெட்டை. பழைய நாயில் ஒரு கடுவனுக்கும் இல்லை. 1913-ல் பதிவு செய்துவிட்டேன்.

எதிர் வீட்டில் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். அந்த அக்காவுக்கும் எனக்கும் பத்து வருடப் பழக்கம், அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாம் மாடி | 30 நவம்பர், இரவு 11.05

நான் அந்தப் பக்கம் நின்றவள். அதனால் சொல்கிறேன். எங்கள் நாய் நாங்கள் வேலைக்குப் போனதும் பகல் முழுக்கக் குரைத்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் வீட்டில் இருக்கும்போது அது பூ மாதிரி. ஏழு மாதம் அக்கம்பக்கம் பொறுத்துப் பொறுத்து, கடைசியில் ஒருவர் கதவைத் தட்டி, "உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா" என்று கத்தினார். அன்றைக்கு நான் தப்பை உணரவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்த நாள் கீழ் வீட்டுப் பாட்டி வந்து, "நீ போனதும் புள்ள ரெண்டு மணி நேரம் அழுவுதும்மா, ஏதோ அதுக்கு ஏக்கமா இருக்கு" என்றார். அப்போதுதான் மனசில் பட்டது. மறுநாள் செல்போனில் பதிவு செய்து கேட்டோம். எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் காலையில் அரை மணி நேரம் நடக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். தேங்காய்ச் சிரட்டையில் சாதமும் வேகவைத்த ஈரலும் அழுத்தி வைத்துக் கொடுத்தோம், நக்கி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும். ஒரு மாதத்தில் சத்தம் நின்றது.

அக்கா, அவர்கள் நாய் கத்துகிறது என்று போகாதீர்கள். அவர்கள் நாய்க்கு என்னவோ கஷ்டம் என்று போங்கள். உண்மையும் அதுதானே.

வாசல்கோலம் | 7 டிசம்பர், மாலை 6.30

போனேன். மழை விட்ட வெள்ளிக்கிழமை, கார்த்திகைப் பொரி கொஞ்சம் எடுத்துக்கொண்டு. இரண்டாம் மாடித் தங்கை சொன்ன மாதிரியே, "அக்கா, ராத்திரி உங்க பையன் வந்ததும் அது ஏங்கிப் போகுது, ஒன்றரை மணிக்கும் எதுக்கோ கூப்பிடுது, என்னன்னு ஒரு தடவை பார்க்கலாமா" என்றேன். அவர் முகம் முதலில் சுருங்கியது. நோட்டைக் காட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் நீ தூங்கலையாடி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. சேர்ந்தே மாடிக்குப் போனோம்.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கட்டியிருந்தார்கள். பெயர் கருப்பன். சங்கிலி எட்டும் தூரத்துக்கு அரை வட்டமாகத் தளத்தில் பாசியே இல்லை, தேய்ந்து வெளுத்திருந்தது. அதற்கு வெளியே மழைக்குப் பிடித்த பாசி பச்சையாக இருந்தது. அது நடந்த நடை முழுக்க அங்கே வரைந்து வைத்த மாதிரி தெரிந்தது. அலுமினியக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்து, மூக்கு எட்டாத இடத்தில் உருண்டு கிடந்தது. சங்கிலி இடித்துத் தள்ளியிருக்கிறது. ராத்திரி வைக்கும் தண்ணீர் கொட்டிப்போனால் விடியும்வரை தாகம். ஒன்றரை மணிக் குரைப்பு இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அந்த அக்கா குந்தி உட்கார்ந்து அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பையன் ஆசையாக வாங்கினான், வேலை நேரம் மாறியதும் பார்க்க ஆளில்லாமல் போய்விட்டது என்றார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

அன்றைக்கே பழைய ஆட்டுக்கல்லைத் துடைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தோம். அதை எந்த நாயும் கவிழ்க்க முடியாது.

கரிசல்காடு | 7 டிசம்பர், இரவு 8.00

ஆட்டுக்கல்! நல்ல வேலை செய்தீர்கள் அம்மா. தினமும் தண்ணீரை மாற்றச் சொல்லுங்கள், கொசு வரும். அடுத்தது நடை. காலையில் முக்கால் மணி நேரம், ராத்திரி அந்தத் தம்பி வந்ததும் கால் மணி நேரம். கட்டாயம் வாரில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த ஜாதி பூனையைப் பார்த்தால் யார் கூப்பிட்டும் நிற்காது. முடிந்தால் மாடியை விட்டுக் கீழே, வீட்டு மனிதர்கள் கண்ணில் படும் இடத்தில் படுக்க விடட்டும்.

வாசல்கோலம் | 21 டிசம்பர், காலை 10.40

மார்கழி ஆறு. நிலவரம் சொல்கிறேன்.

மழை விட்ட பிறகு மாநகராட்சி வண்டி வந்தது. வெட்டு இல்லாத மூன்றில் பெட்டையையும் புதுக் கடுவனையும் பிடித்தார்கள். பழைய கடுவன் காருக்கடியில் புகுந்து தப்பிவிட்டது, அடுத்த முறைக்குச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் நாள் இரண்டையும் அதே இடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். பெட்டை இரண்டு நாள் சுருண்டு படுத்திருந்தது. அம்மா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "பாவம், அதுக்கும் தையல் போட்டிருக்கு" என்று மோர்ச் சாதம் போடச் சொன்னார்.

சோறு போடும் இடமும் மாறியிருக்கிறது. முன்பு அவரவர் வாசலில் போடுவோம், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சண்டை. இப்போது தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி, ஒரே இடத்தில், ராத்திரி எட்டு மணிக்கு. மூன்று வீடு முறை வைத்துப் போடுகிறோம்.

கருப்பன் இப்போது கார் நிறுத்துமிடத்தில், கோணிச் சாக்கின் மேல் படுக்கிறது. பத்தரைக்குப் பையன் வந்ததும் அதைக் கூட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிவிட்டு வருகிறான். முதல் நான்கு நாள் தெரு நாய்கள் எல்லாம் சேர்ந்து அதைப் பார்த்துக் குரைத்தன, எனக்குப் பயமாகப் போய்விட்டது. ஐந்தாம் நாளிலிருந்து தலையை மட்டும் தூக்கிப் பார்க்கின்றன. ஒன்றரை மணிக் குரைப்பு நின்று பன்னிரண்டு நாள் ஆகிறது. பால் வண்டிக்கு இப்போதும் குரைக்கின்றன. இந்த மாதம் அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்து கோலம் போடப் போகிறேன்.

சாரல் அண்ணா, உங்கள் மகளை நினைத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் வந்தால் கூட்டி வாருங்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று தூரத்திலிருந்து கருப்பனைப் பார்க்கட்டும். அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.

சாரல் | 21 டிசம்பர், மதியம் 2.15

நன்றி அக்கா. அவளிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். ஆட்டுக்கல் வந்த இடத்தில், "அப்போ அதுக்கு அவ்வளவு நாளும் தாகமாப்பா?" என்று கேட்டாள். வருவதைப் பற்றி இப்போது எதுவும் சொல்லவில்லை. நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை. எங்கள் தெரு நாய்களின் காதைப் பார்த்து எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை ஒன்பதில் இரண்டுக்குத்தான் வெட்டு இருக்கிறது. தெருமுனைத் தம்பி, எங்கள் ஊர் நகராட்சியில் யாரிடம், எந்த மாதிரி மனு கொடுக்க வேண்டும் என்று தனிச் செய்தியில் சொல்ல முடியுமா?

தெருமுனை | 21 டிசம்பர், மதியம் 2.40

அனுப்பியிருக்கிறேன் அண்ணா. மனுவோடு ஒன்பது நாயின் படத்தையும் வைத்துக் கொடுங்கள்.